தண்ணீர் நிறுத்திய கிடங்கு

கிடங்கின் தீயணைப்புக் குழாய்களில் தண்ணீரை நிறுத்தப் போகிறார்கள், வேலை முடியும்வரை உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று மேலாளர் சொன்னபோது ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. காலையிலிருந்து மாலைவரை ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருக்க வேண்டும். கைப்பேசி கூடாது, பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. எங்கேயாவது கசிகிறதா, புகைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். யாருக்குப் பிடிக்கும் அந்த வேலை? ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். பில் கவுண்டரில் இருப்பவள்தான் கையைத் தூக்கினாள்.

கிடங்கில் அவளுக்கு பில்லக்கா என்று பெயர். வெளியே போகிற ஒவ்வொரு லாரிக்கும் பில் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. ஐம்பதைத் தாண்டியவள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட அந்தக் கிடங்கில் ஆளில்லை, வெளியிலும் இப்போது அதிகம் பேர் இல்லை.

"உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேலை? முதுகு போயிடும்," என்றான் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன்.

"பில் போட்டே முதுகு போயாச்சு. இனிமே போறதுக்கு என்ன இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். தன் தலை தப்பியதே என்ற நிம்மதியில் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார்கள். மேலாளர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"மூக்கு நல்லா இருக்குல்ல? கண்ணைவிட அதான் முக்கியம். கசிஞ்சா முதல்ல வாடைதான் வரும்."

"அதெல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு," என்றாள் பில்லக்கா.

சொன்னது பொய். அவளுக்கு வாசனை தெரியாமல் போய் பல மாதங்கள் ஆகியிருந்தன.

அது போன விதம் அவளுக்கே சரியாகத் தெரியாது. ஒரு ஜலதோஷம் வந்தது, கூடவே காய்ச்சல். காய்ச்சல் விட்டது, ஜலதோஷமும் விட்டது, போகும்போது மூக்கின் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சமையலறை புகையால் நிரம்பி, கண் எரிந்த பிறகுதான் பாத்திரம் கருகியதே தெரிந்தது. சோப்பை மூக்கருகே வைத்துப் பார்த்தாள். பெருங்காய டப்பாவைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெறும் காற்றுதான் உள்ளே போய் வெளியே வந்தது.

கூட ஒருவர் இருந்திருந்தால் அன்றைக்கே விஷயம் வெளியே வந்திருக்கும். பல வருடங்கள் அவளோடு இருந்தது நாத்தனார்தான். கணவன் சின்ன வயதிலேயே போய்விட்டான். அவனுடைய அக்கா கல்யாணமே செய்துகொள்ளாதவள். இரண்டு பெண்களும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில், தினமும் ஏதாவது ஒன்றுக்குச் சண்டை போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். போன வருடம் நாத்தனார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அவளுடைய கடைசித் தம்பி வந்து, தன் வீட்டுக்கு, வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு பில்லக்காவின் வீட்டில் குழாய் சொட்டுவது தெருவரை கேட்டது.

டாக்டரிடம் போனாள். வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்கள் என்றார் அவர். வேறு யாரிடமும் அவள் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. யாராவது கூட உட்கார்ந்து சாப்பிட்டால், உப்பு போதுமா, வாசம் எப்படி என்று கேட்டால், பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருப்பாள். அப்படி ஒரு பேச்சு வாய்க்கவே இல்லை.

அப்புறம் ஏன் இந்தக் காவலுக்குக் கை தூக்கினாள் என்றால், அதற்கு ஒரு காரணம் இருந்தது. பில் கவுண்டர் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒரு ஓட்டை வழியாக லாரிக்காரர்களின் கை மட்டும் உள்ளே வரும், காகிதத்தை வாங்கிக்கொண்டு வெளியே போகும். கிடங்குக்குள் என்றால் குழாய் வேலை செய்கிறவனாவது இருப்பான். ஒரு மனிதன் வேலை செய்வதை நாளெல்லாம் பார்த்துக்கொண்டு இருக்கலாம். அந்த ஆசையில் மூக்கைப் பற்றி அவள் யோசிக்கவில்லை. யோசித்தாள், ஆனால் அதை ஓரமாகத் தள்ளிவைத்தாள்.

*

குழாய்க்காரன் முப்பதைத் தொட்ட ஆள். சிசர் லிஃப்ட் என்று ஒரு மேடை வைத்திருந்தான். பொத்தானை அழுத்தினால் அதன் கால்கள் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து, அவனை ரேக்குகளின் உச்சிவரை கொண்டுபோகும். நாள் முழுவதும் அங்கேதான் இருப்பான். அவள் கீழே, ரேக்குகளுக்கு நடுவே உள்ள சந்தின் முனையில், ஸ்டூலில். கழுத்தில் ஒரு விசில்.

முதல் நாள் மேலேயிருந்து அவனே பேச்சைத் தொடங்கினான்.

"என்னக்கா, தூங்கிட்டீங்களா?"

"தூங்கினா சம்பளம் பிடிப்பாங்களா, கூடக் கொடுப்பாங்களா?"

"என் உசுருக்கு நீங்கதான் காவல். தூங்கிடாதீங்க."

"அது சரி, இத்தனை வருஷமா மேல குழாய் இருக்கே. இப்ப எதுக்கு மறுபடியும் குழாய்?"

அவன் கையில் இருந்த ஸ்பானரால் கீழே ரேக்கைக் காட்டினான். முன்பெல்லாம் பெயிண்டில் கலக்கிற தின்னர் இரும்பு டிரம்மில் வரும். இப்போது கம்பிக் கூண்டுக்குள் வைத்த பெரிய பிளாஸ்டிக் டேங்கில் வருகிறது. இரும்பு என்றால் நெருப்புக்குக் கொஞ்ச நேரமாவது தாக்குப்பிடிக்கும். பிளாஸ்டிக் உருகி, உள்ளே இருப்பது மொத்தமும் தரையில் கொட்டிவிடும். பிறகு எரிகிறது ஒரு டேங்க் இல்லை, குளம்.

"கூரையில இருக்கிற ஸ்ப்ரிங்க்ளர் இதுக்குப் போதாதுக்கா. மேல பெய்யற தண்ணி, அடுக்குக்கு நடுவுல எரியறதைத் தொடவே தொடாது. அதனாலதான் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவுல குழாய் போடறேன். வெறும் தண்ணியும் இல்ல, நுரை கலந்து வரும். எரியற தின்னர் மேல போர்வை மாதிரி மூடிக்கும்."

"இப்ப நெருப்பு வந்தா?"

"இப்ப வந்தா ஒண்ணும் வராது. வால்வை மூடி வெச்சிருக்கோமே. குழாய்ல சொட்டுத் தண்ணி கிடையாது. அதுக்குத்தானே நீங்க உட்கார்ந்திருக்கீங்க?"

 எழுந்து போய் மேலாளரிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவன் தன் மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டான். இரண்டு வயதாம். அப்பா என்று சொல்லாமல், அம்மா கூப்பிடுவதைக் கேட்டு, இவனை "என்னங்க" என்று கூப்பிடுகிறதாம். பில்லக்கா வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தத்தை அவள் கேட்டு வெகு நாட்கள் ஆகியிருந்தன. மேலாளரிடம் போகவில்லை.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. அவன் மேலே போல்ட் முடுக்குவான், இவள் கீழேயிருந்து ஏதாவது கேட்பாள். மத்தியானம் அவன் வெளியே போய் மனைவியோடு போனில் பேசிவிட்டு வருவான், வந்ததும் வீட்டுச் செய்தியை அவளுக்கும் சொல்வான். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, மாமியார் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், மாமியார் திரும்பி வந்துவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும், அந்தச் செய்திகளையே அவள் மனதுக்குள் புரட்டிக்கொண்டு படுப்பாள்.

தண்ணீர் நிறுத்தியிருக்கும்போது தின்னர் டேங்க் ஒன்றைக்கூட நகர்த்தக் கூடாது, மற்ற சரக்கு மட்டும் போகலாம் என்பது உத்தரவு. ஆனால் அவசர லாரி என்று ஒன்று எப்போதும் வரும். ஒருநாள் காலை ஒரு லாரிக்காரன் வாசலில் நின்று கத்த, சூப்பர்வைசர் சலித்துப்போய், "ஒரே ஒரு டேங்க்தானே, எடுத்துக் குடு," என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனிடம் சொல்லிவிட்டார். அவன் அடுத்த சந்தில் வண்டியை நுழைத்து ஒரு டேங்கை எடுத்துப் போனான். போகிற போக்கில் வண்டியின் முன்னால் நீட்டியிருந்த இரும்பு முள், பக்கத்து டேங்கின் அடியில் இருந்த குழாயில் உரசியது. அவன் கவனிக்கவில்லை. லாரியில் ஏற்றிவிட்டு, வண்டியை அதே சந்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

பில்லக்காவுக்குத் தலை வலித்தது. கண் கரித்தது. ராத்திரி சரியாகத் தூங்காததுதான் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

குழாய்க்காரனும் சாப்பிடப் போவதற்காக மேடையை இறக்கினான். பாதி இறங்கியதும் சட்டென்று நிறுத்தினான்.

"அக்கா, என்ன இது, இப்படி வாடை அடிக்குது?"

"வாடையா? ஒண்ணும் இல்லையே," என்றாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"நல்லா மோந்து பாருங்க. கீழ உங்களுக்குத்தானே அதிகமா தெரியணும்?"

அவன் குரலில் சந்தேகம் இருந்தது. ஆனால் அது தன் மூக்கின் மேல் இருந்த சந்தேகம், அவள் மேல் இல்லை. அவன் விரல் மேடையை இறக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அக்கா இல்லை என்கிறாள், அப்படியானால் இல்லை போலிருக்கிறது என்று அவன் முகம் தளர்வதை அவள் பார்த்தாள்.

"தம்பி, அழுத்தாதே."

"ஏன்?"

"எனக்கு வாசனை தெரியாது. மூக்கு போயிடுச்சு. ரொம்ப நாளாச்சு."

அவன் விரலை மெதுவாக எடுத்துக்கொண்டான். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு ரேக்கின் இடுக்கு வழியாக அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

"அடுத்த சந்து பூரா ஈரம். பளபளன்னு கெடக்கு. ரேக்குக்கு அடியில உங்க பக்கமாத்தான் வருது." அவன் குரல் இறங்கியிருந்தது, பக்கத்தில் குழந்தை தூங்குவதுபோல. "இந்த மேடை மோட்டார்ல ஓடுது. ஒரு பொறி போதும். நீங்க வெளிய போங்க. யாரையும் எதையும் ஸ்டார்ட் பண்ண விடாதீங்க."

அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். கிடங்கின் வாசலில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், பல்லைக் குத்திக்கொண்டு, விரலில் சாவியைச் சுழற்றிக்கொண்டு, தன் வண்டி நின்ற சந்தை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

விசிலை வாயில் வைத்து ஊதினாள். அவன் விளையாட்டு என்று நினைத்துக் கையை ஆட்டினான். அவள் ஓடினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஓடியதாக நினைவில்லை. செருப்பு ஒன்று கழன்று எங்கேயோ போனது. சந்தின் வாய்க்கு அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. தரையைக் காட்டினாள். அவன் பார்த்தான். சாவியைச் சுழற்றிய விரல் நின்றது.

"சாவியைப் பைக்குள்ள வை. வெளிய போய் யாரும் வண்டியை எடுக்கவிடாம பண்ணு. கரண்டைத் தொடாம, சங்கிலியை இழுத்து ஷட்டரையெல்லாம் திற. தீயணைப்புக்குத் தெருவுல நின்னு போன் பண்ணு. உள்ள வேணாம்."

"நீங்க?"

"அவன் மேல மாட்டியிருக்கான்."

திரும்பி நடந்தாள். ஓடவில்லை, வழுக்கிவிடும். தரையில் ஈரம் அவளுடைய ஸ்டூல்வரை வந்திருந்தது. செருப்பில்லாத பாதத்தில் அது ஐஸ் மாதிரி சில்லென்று பட்டது. கண்ணில் நீர் கொட்டியது. இவ்வளவு நெடியும் தன்னைச் சுற்றி நிற்க, தனக்கு மட்டும் எதுவும் இல்லாத காற்றாக இருப்பது அவளுக்கு அந்த நேரத்திலும் விசித்திரமாக இருந்தது.

"உங்களைப் போகச் சொன்னேன்ல," என்றான் மேலிருந்து.

"மோட்டார் இல்லாம இறக்க வழி இருக்கா, சொல்லு."

"அடியில, சக்கரத்துக்கு மேல, செவப்பா ஒரு கைப்பிடி. அதை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். விடக் கூடாது."

குனிந்து தேடினாள். கண்ணீரில் எல்லாம் கலங்கித் தெரிந்தது. கையால் தடவித்தான் கண்டுபிடித்தாள். இழுத்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு பெருமூச்சுச் சத்தம் வந்து, மேடை மெல்ல, மிக மெல்ல, அவள் தலையை நோக்கி இறங்கத் தொடங்கியது. அவன் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான். தரைக்கு இரண்டடி இருக்கும்போதே குதித்து, அவள் கையைப் பற்றினான். பின்வாசல் வழியாக இருவரும் வெளியே வந்தார்கள்.

எதுவும் எரியவில்லை. தீயணைப்பு வண்டி வந்தது. ஈரத்தின் மேல் நுரையைப் போட்டு மூடினார்கள். ஓட்டை டேங்கில் மிச்சம் இருந்ததைக் காலி செய்தார்கள். ஷட்டர்கள் ராத்திரியெல்லாம் திறந்தே கிடந்தன.

ஆனால் அன்று வெளியே வந்ததும், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இருமி முடித்த பிறகு, குழாய்க்காரன் அவளைப் பார்த்துக் கேட்டான்.

"தெரிஞ்சேதான் வந்து உட்கார்ந்தீங்களா?"

"ஆமா."

"எனக்கு ரெண்டு வயசுல ஒரு பொண்ணு இருக்கா. தினமும் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் எழுந்து, குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, அவளைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

*

மறுநாள் மேலாளர் எல்லோரையும் கூப்பிட்டார். சூப்பர்வைசருக்கு எல்லோர் முன்னாலும் அர்ச்சனை நடந்தது. பிறகு பில்லக்கா பக்கம் திரும்பி, இவங்க மட்டும் இல்லேன்னா இன்னைக்கு நாம இங்க நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்டோம் என்றார். கை தட்டினார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினான். குழாய்க்காரன் பின்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் நினைத்திருந்தால் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"சார், எனக்கு வாசனை தெரியாது," என்றாள். "அன்னைக்கு நீங்க கேட்டப்ப பொய் சொல்லிட்டேன். வாசனை தெரிஞ்ச ஆள் உட்கார்ந்திருந்தா, அரை மணி நேரம் முன்னாடியே சொல்லியிருப்பாங்க."

 மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவதா, பாராட்டியதை வாபஸ் வாங்குவதா என்று அவருக்குத் தெரியவில்லை. "கவுண்டருக்குப் போங்க," என்றார் கடைசியில். ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்தான்.

கண்ணாடிக் கூண்டில் மறுபடியும் கைகள் வந்துபோயின. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் முன்பு ஓட்டை வழியாக வந்துகொண்டிருந்த கேலி நின்றுவிட்டது. ஏதோ நோய்க்காரியிடம் பேசுவதுபோல மெதுவாகப் பேசினார்கள். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வேலை முடிந்த அன்று, வால்வைத் திறந்து சோதித்துப் பார்த்தார்கள். எல்லோரும் பின்பக்கம் வேடிக்கை பார்க்கப் போனார்கள். அவள் கவுண்டரை விட்டு நகரவில்லை. கூரைக்குக் கீழே குழாய்களுக்குள் தண்ணீர் ஏறுகிற தடதடப்பு சுவர் வழியாகக் கேட்டது. பிறகு எச்சரிக்கை மணி விடாமல் அடித்தது. பிறகு நின்றது. யாரோ சிரித்தார்கள்.

குழாய்க்காரன் தன் சாமான்களை வெளியே எடுத்துப்போக கேட் பாஸ் வேண்டும். அதைப் போட்டுத் தருகிறவள் அவள்தான். ஓட்டைக்கு வெளியே வந்து நின்றான்.

"என்னென்ன எடுத்துட்டுப் போறே?" என்று கேட்டாள், காகிதத்தைப் பார்த்தபடி. அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். முத்திரை குத்தி நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றான்.

"வீட்ல கேஸ் அடுப்பாக்கா?"

"ஆமா."

"கூட யாரு இருக்கா?"

அவள் பேனாவை மூடினாள். "யாரும் இல்ல."

அவன் கேட் பாஸை மடித்துப் பையில் வைத்தான். "கேஸ் கசிஞ்சா கத்தற மாதிரி ஒரு பெட்டி விக்குது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். வாங்கி மாட்டுங்க. தள்ளிப்போடாதீங்க," என்றான். பிறகு, "எனக்கு இன்னும் கோபம் போகல. அதுக்காக, இதைச் சொல்லாமப் போக முடியல," என்றான்.

"கோபப்பட வேண்டியதுதான்," என்றாள்.

அவனுடைய வண்டி வாசலைத் தாண்டிப் போகிறவரை பார்த்தாள். அதற்குள் அடுத்த லாரிக்காரனின் கை ஓட்டைக்குள் வந்துவிட்டது.

*

அந்த வார விடுமுறையில் பெட்டியை வாங்கினாள். கடைக்காரன் அனுப்பிய பையன் வந்து அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிக் கொடுத்தான். அவன் போன பிறகு நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். எனக்கு வாசனை தெரியறதில்ல."

"என்னது?"

எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், கருகிய பால், ஸ்டூல், குழாய்க்காரன், கைதட்டல். நாத்தனார் குறுக்கே பேசாமல் கேட்டது அதுவே முதல் தடவை.

"இத்தனை மாசமா ஏன் சொல்லல?"

"இடுப்பு ஒடிஞ்சு கெடக்கறீங்க. உங்ககிட்ட சொல்லி என்ன பண்ண?"

"இடுப்புதானே ஒடிஞ்சது, மூக்கு நல்லாத்தானே இருக்கு? போனை அடுப்புகிட்ட கொண்டுபோ, நான் மோந்து பார்த்துச் சொல்றேன்."

இருவரும் சிரித்தார்கள். 

"இங்க வந்துடுன்னு சொல்லணும்தான்," என்றாள் நாத்தனார். "ஆனா எனக்கே இங்க ஒரு மூலைதான் குடுத்திருக்காங்க."

"தெரியும் அண்ணி. பெட்டி மாட்டியாச்சு. சத்தம் எப்படி இருக்குன்னு கேளுங்க." அவள் பெட்டியின் பொத்தானை அழுத்தினாள். அது காதைக் கிழிப்பதுபோல அலறியது. விரலை எடுத்ததும் நின்றது.

"அம்மாடி, பிரேதத்தையே எழுப்பிடும் போலிருக்கே. சரி, அது கத்துனா யாரு வருவா?"

பில்லக்கா யோசித்தாள். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. மாடியில் இருப்பவர்களின் முகம்கூட அவளுக்குத் தெரியாது.

"நான் வருவேன்."

"நீ அங்கதானே இருப்பே?"

 அந்தப் பக்கம் யாரோ நாத்தனாரை மாத்திரைக்குக் கூப்பிட்டார்கள்.

"நாளைக்குப் பேசு," என்றாள் நாத்தனார்.

"இன்னைக்குத்தானே பேசினோம்?"

"நாளைக்கும் பேசு. அடுப்பு மூட்டறப்ப பேசு. அணைச்சப்புறம் போனை வை."

சரி என்று சொல்லி வைத்தாள். பிறகு இரண்டு முட்டையை வேகவைத்து, அடுப்பை அணைத்து, அணைத்ததைக் குனிந்து கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தாள். உப்பு மட்டும் தெரிந்தது. அதைக் கொஞ்சம் கூடப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.